ஆம்பூர் நீலம்

டிரம்மின் கதவைத் திறந்து ஒரு தோலை இழுத்துப் போடுகிறார்கள். கழுத்துப் பக்கம்தான் தடிமன் அதிகம். அந்த இடத்தில் கத்தியை வைத்து, வெட்டுவாயைப் பார்ப்பார்கள். ஓரங்கள் நீலமாகி நடுவில் வெள்ளைக் கோடு மிச்சமிருந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். நடுவரைக்கும் நீலம் இறங்கியிருந்தால், ஒரு துண்டை நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. பச்சைத் தோல் அறுபது டிகிரி சூட்டிலேயே சுருண்டுவிடும். இந்தத் துண்டு சுருங்காமல் கிடந்தால் சரக்கு தேறிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக இந்தச் சரக்குக்கு ஒரே பெயர்தான்: வெட் புளூ.

அந்த நீலம் சாயம் அல்ல. சாயமேற்றும் வேலை பிறகுதான் வரும். தோலின் நார்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட குரோமியம் என்ற உலோகத்தின் நிறம் அது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் நூற்றுக்கு எண்பது பங்கு குரோமியத்தால்தான் பதப்படுகிறது. எங்கிருந்து வருகிறது என்று சரக்கு வாங்குகிறவரைக் கேட்டால் கெமிக்கல் கடையைக் காட்டுவார். நிலவியல் படித்தவரைக் கேட்டால் ஒடிசாவைச் சொல்வார். இரண்டும் சரி. ஆனால் இரண்டுமே இந்தக் கதையின் பிற்பாதி. நீலத்துக்குள் இருக்கும் அணுக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை முதலிலிருந்து சொல்வதென்றால், ஒரு விண்மீன் செத்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம்முடைய அணு குரோமியம்-52. கருவில் 24 புரோட்டான், 28 நியூட்ரான். நூறு குரோமிய அணுக்களை எடுத்தால் 84 இந்த வகையாகத்தான் இருக்கும்.

டிரம்முக்குள் வயதில் மூத்தது அதுவல்ல. அந்த மரியாதை தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு. பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில், அதாவது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், ஹைட்ரஜனின் கருவும் ஹீலியத்தின் கருவும் கொஞ்சம் லித்தியமும் உருவாயின. அதோடு சரி. கார்பன் கிடையாது, இரும்பு கிடையாது, குரோமியம் கிடையாது. மற்ற தனிமங்களுக்கெல்லாம் விண்மீன்கள் வர வேண்டியிருந்தது.

விண்மீன் பிறக்கும் இடத்தை மார்கழி, தை மாதத்து இரவில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கிழக்கு வானில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஓரியனின் இடுப்புக் கச்சை என்பார்கள். அதற்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு தெரியும். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓரியன் நெபுலா அது. அங்கே இப்போதும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்த நெபுலாவை உள்ளடக்கிய பெரும் மேகத்தின் இருண்ட பகுதிகளில் குளிர் மைனஸ் 260 டிகிரி அளவுக்கு இருக்கும். அவ்வளவு குளிரில் வாயுவுக்கு விரிந்து நிற்கத் தெம்பு போதாது. சொந்த எடை தாங்காமல் மேகம் துண்டு துண்டாக உள்ளே விழத் தொடங்குகிறது. விழ விழ நடுப்பகுதி சூடேறும். ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்கும். அந்தக் கணத்திலிருந்து அது விண்மீன்.

அதே ஓரியனில், கச்சைக்கு மறுபக்கம், தோளில் சிவப்பாக ஒன்று நிற்கிறது. நம் ஊரில் அதைத் தெரியாதவர்கள் குறைவு: திருவாதிரை. சூரியனைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல் நிறை கொண்டு பிறந்தது. இப்போது ஊதிப் பருத்துக் கிடக்கிறது. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் வெடிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது, இதோ வெடிக்கப் போகிறது என்று உலகம் முழுக்கப் பரபரப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. விண்மீனே கக்கிய தூசுதான் அதை மறைத்திருந்தது. கொஞ்சம் வடமேற்கே கண்ணை ஓட்டினால் கார்த்திகைக் கூட்டம். அவை பிறந்து பத்துக் கோடி ஆண்டு அளவில்தான் ஆகிறது. பிறப்பு, இளமை, கடைசிக் காலம் மூன்றையும் பார்க்க வானத்தில் இவ்வளவு இடம் போதும்.

நம் அணுவைப் பெற்ற விண்மீனை, சூரியனைப்போல் 25 மடங்கு நிறை உள்ளது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு விண்மீனின் வாழ்க்கையைக் கணிப்பொறியில் பல தடவை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். விண்மீனின் வாழ்க்கை முழுக்க ஒரே ஓர் இழுபறிதான். எடை உள்ளே இழுக்கிறது. விண்மீனின் நடுக்கருவில் எரியும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் இருக்கும்வரை இரண்டும் சமம். பெரிய விண்மீனுக்கு எரிபொருள் அதிகம் என்றாலும் ஆயுள் குறைவு, ஏனென்றால் செலவு அதைவிட அதிகம். சூரியன் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு ஓட்டும் கணக்கில் வாழ்கிறது. இந்த 25 மடங்கு விண்மீனுக்கு ஹைட்ரஜன் தீர்ந்துபோக 67 லட்சம் ஆண்டு போதும்.

ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கும், சூடேறும். இருபது கோடி டிகிரியில் ஹீலியம் பற்றிக்கொண்டு கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். அது 8 லட்சம் ஆண்டு ஓடும். பிறகு கார்பன்: 500 ஆண்டு. அதாவது விஜயநகர காலத்தில் பற்றியிருந்தால் இன்று முடிந்திருக்கும். அடுத்தது நியான், ஓர் ஆண்டுகூட இல்லை. ஆக்சிஜன், ஐந்து மாதம். கடைசியாக சிலிக்கான், முந்நூறு கோடி டிகிரிக்கும் மேலான சூட்டில், ஒரு நாளுக்கும் குறைவு. லட்சக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் இருந்த ஒன்று முடிவை நெருங்க நெருங்க இப்படி ஓட்டமெடுக்கிறது. இந்த அவசரத்துக்குக் காரணம் நியூட்ரினோ. கார்பன் எரியும் கட்டத்திலிருந்து கருவின் ஆற்றலில் பெரும்பகுதியை நியூட்ரினோக்கள் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகின்றன. நட்டத்தை ஈடுகட்ட விண்மீன் வேகவேகமாக எரிந்தாக வேண்டும்.

சிலிக்கான் எரிந்து நடுவில் சேர்வது இரும்புக் கூட்டத்துக் கருக்கள். அங்கேதான் கதை முடிகிறது. இரும்பை எரித்தால் ஆற்றல் வராது, ஆற்றலைக் கேட்கும். தாங்க ஆளில்லாமல் இரும்பாலான நடுக்கரு வளர்ந்து, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையைத் தொடும்போது ஒரு விநாடிக்குள் உள்ளே சரிந்துவிடும்.

அந்த 1.4 என்ற எண்ணுக்குச் சென்னையோடு உறவுண்டு. மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பலேறினார். வயது 19. இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் அது: எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் மட்டும் தாங்கி நிற்கும் ஒரு விண்மீன் ஓர் எல்லைக்கு மேல் எடை தாங்காது. வானியலாளர் எடிங்டன் போன்ற பெரியவர்கள் அதைக் கேலி செய்தார்கள். 1983இல் நோபல் பரிசு வந்தது. அரை நூற்றாண்டு தாமதம் என்றே எனக்குப் படுகிறது.

கரு சரிந்து நியூட்ரான் பந்தாக இறுகியதும், மேலேயிருந்து விழுந்த பொருள் அதில் மோதித் திரும்புகிறது. அந்த அதிர்ச்சி அலை வெளிநோக்கிப் பாய்ந்து சிலிக்கான் அடுக்கைக் கடக்கிறது. நானூறு, ஐந்நூறு கோடி டிகிரியில் சிலிக்கான் கருக்கள் சிதறி மறுபடி கோத்துக்கொள்கின்றன. ஹீலியம் கருக்கள் ஒவ்வொன்றாக ஏறி கந்தகம், ஆர்கான், கால்சியம், டைட்டேனியம், குரோமியம்-48, இரும்பு-52 என்று படிப்படியாகக் கனக்கின்றன. எல்லாம் ஓரிரு விநாடிகளில். நம் அணு பிறந்தது இங்கே. பிறக்கும்போது அது குரோமியமாக இல்லை. 26 புரோட்டான் கொண்ட இரும்பு-52. அந்த இரும்பு நிலைக்காது. எட்டேகால் மணி நேரத்தில் பாதி மாங்கனீசு-52 ஆகிவிடும். பெரும்பாலும் கிளர்ச்சியுற்ற நிலையில் பிறக்கும் அந்த மாங்கனீசுக்கு 21 நிமிடமே அரை ஆயுள். பிறகு குரோமியம்-52. அதற்குப் பின் மாற்றமே இல்லை. விண்மீன் வெடித்து இரண்டு மூன்று நாளுக்குள் நம் அணு கடைசி உருவத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் கரு அப்படியே இருக்கிறது.

குரோமியம் பிறக்க இன்னொரு வழியும் உண்டு. சூரியன் போன்ற விண்மீன் செத்தபின் மிஞ்சும் வெண்குறுமீன், துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துச் சந்திரசேகர் எல்லையை நெருங்கினால் முழுசாக வெடித்துச் சிதறும். இரும்புக் கூட்டத்துத் தனிமங்களில் பெரும்பங்கு இந்த வகை வெடிப்பில் வந்ததுதான். ஆக, ஒரு தோலின் நீலத்தில் இரண்டு வகைச் சாவும் கலந்திருக்கிறது.

இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லலாம். கண்ணால் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம். பார்த்தார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக முப்பது கிலோமீட்டர் அளவில் மலையேறினால் காவலூர். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். 1968இல், கொடைக்கானலிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது; அதே ஆண்டு ஜூன் மாதம் வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற குறிப்பு இங்கிருந்து கிடைத்தது. பிறகு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் கண்ணாடியைப் பெங்களூரில் அரைத்து மெருகேற்றினார்கள். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில் மூனிச் நகரில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் அட்சரேகை. 12.5 டிகிரி வடக்கு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் தெற்கு வானத்தையும் எட்டிப் பார்க்கலாம். அந்தத் தேர்வு பலித்த நாள் 1987 பிப்ரவரியில் வந்தது. பெரிய மெகல்லானிக் மேகம் என்ற பக்கத்துச் சிறு கேலக்ஸியில், 1.68 லட்சம் ஒளியாண்டு தொலைவில், சூரியனைப்போல் இருபது மடங்கு அளவு நிறையுள்ள நீல விண்மீன் ஒன்று வெடித்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது, 1604க்குப் பிறகு அவ்வளவு பிரகாசமாக ஒரு சூப்பர்நோவா வந்ததில்லை. ஒளி வந்து சேர்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் நிலத்தடிக் கருவிகள் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்களைப் பிடித்திருந்தன. கரு சரிகிறது என்ற கணக்குக்குக் கிடைத்த நேரடிச் சாட்சி அது.

வடக்கே இருக்கும் நைனிதாலிலிருந்து பார்த்தால் அந்தச் சூப்பர்நோவா அடிவானத்துக்குக் கீழே, ஒருபோதும் உதிக்காது. காவலூரில் உச்சத்துக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து எட்டு டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மறையும் அளவுகூட இல்லை. அந்த உயரத்தில் காற்றும் தூசும் ஒளியைக் கலக்கிவிடும் என்று எந்த வானியலாளரும் சலித்துக்கொள்வார். காவலூர்க்காரர்கள் விடவில்லை, தெற்கே சாய்த்து நிறமாலை எடுத்தார்கள், அதே ஆண்டு ஆய்வேடும் வெளியிட்டார்கள். அந்த வெடிப்பில் சூரிய நிறையில் 0.07 பங்கு நிக்கல்-56 உருவானது என்று ஒளி மங்கிய வேகத்திலிருந்து பின்னர் தெரிந்தது. நம் பூமியைப்போல் 23 ஆயிரம் மடங்கு எடை. நிக்கல் பிறந்த அதே உலையின் சற்றே ஆறிய ஓரத்தில்தான் இரும்பு-52 பிறக்கும்.

நிறமாலை என்ற சொல் வானியலோடு நின்றுவிடுவதில்லை. விண்மீனின் ஒளியைப் பிரித்தால், பச்சைப் பகுதியில் 5204 முதல் 5208 ஆங்ஸ்ட்ராம் வரை நெருக்கமாக மூன்று கருங்கோடுகள் விழும்: குரோமியம். சூரியனிலும் விழும். அதை அளந்துதான் சூரியனில் ஏறத்தாழ 23 லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு குரோமிய அணு என்ற கணக்குச் சொல்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு குரோமியம் என்று சோதனைக்கூடத்தில் பார்க்கும் கருவியும் இதே வேலையைச் செய்கிறது. தண்ணீரைச் சுடரில் தெளித்து, 357.9 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவை அது விழுங்குகிறது என்று அளக்கிறது. மலைமேல் விண்மீனைச் சோதிக்கிறவரும் கீழே பாலாற்றைச் சோதிக்கிறவரும் தேடுவது ஒரே அணுவின் ஒரே கையெழுத்து.

வெடித்தபின் நம் அணு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசப்பட்டது. பிறகு நெடுங்காலம் எதுவும் நடக்கவில்லை. தூசுத் துகளில் ஒட்டி, பிரிந்து, வேறொரு மேகத்தில் கலந்து அலைந்தது. 456 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மேகத்தின் ஒரு மூலை சரிந்து சூரியன் ஆனது. மிச்சத் தூசில் கிரகங்கள். 1864இல் பிரான்சில் ஒர்கேய் என்ற ஊரில் விழுந்த விண்கல்லுக்குள், சூரியனுக்கும் மூத்த, குரோமியம்-54 மிகுந்த நுண்துகள்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சூப்பர்நோவாத் தூசு கரையாமல் அப்படியே வந்து சேர்ந்ததற்கு அதுவே அத்தாட்சி.

பூமி உருகிக் கிடந்த காலத்தில் குரோமியத்தின் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து மையத்துக்கு இறங்கிவிட்டது. அதை யாரும் எடுக்க முடியாது. மேலே தங்கியதில் ஒரு பங்கு, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஒடிசாவின் இன்றைய சுகிந்தா பள்ளத்தாக்கில் எரிகுழம்போடு எழும்பி வந்து ஆறியபோது கருப்புப் படிகங்களாக அடியில் தங்கியது. குரோமைட்: இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும். இரும்பாகப் பிறந்த அணு மறுபடி இரும்பின் பக்கத்தில். இந்தியாவின் குரோமைட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குரோமைட் உண்டு, ஆனால் தரம் போதாது. அந்த ஊர்ப் பாறைக்கு வேறு யோகம் அடித்தது: நிலவின் மண்ணை ஒத்திருப்பதால் சந்திரயான் சோதனைக்கு இஸ்ரோ எடுத்துப் போனது.

சுகிந்தாவில் தோண்டும் குரோமியத்தில் மிகப் பெரும்பகுதி எவர்சில்வருக்குப் போகிறது. வீட்டு டம்ளரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் அதுதான். தோலுக்கு வருவது சிறு கிளை. அந்தக் கிளைதான் நம் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது.

குரோமைட் சும்மா கரையாது. அரைத்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று எலக்ட்ரானை இழந்திருந்த குரோமியம் அந்தச் சூட்டில் இன்னும் மூன்றை இழந்து, மொத்தம் ஆறிழந்து, மஞ்சள் நிறக் குரோமேட் ஆகும். கந்தக அமிலம் விட்டால் ஆரஞ்சு நிற டைகுரோமேட். இந்த ஆறிழந்த குரோமியம்தான் ஆள் கொல்லி. தண்ணீரில் எளிதில் கரையும். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை, தோலில் ஆறாத புண். பிறகு சர்க்கரைப் பாகையோ கந்தக டை ஆக்சைடையோ சேர்த்து மூன்று எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால், மூன்றிழந்த குரோமியம்: பச்சைத்தூள், பேசிக் குரோமியம் சல்ஃபேட். டேனரி வாங்குவது இந்தப் பச்சைத்தூளை. இதன் நஞ்சு ஆறின் நஞ்சோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. கரு ஒன்றே; வெளியே மூன்று எலக்ட்ரான் வித்தியாசம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இந்த வேலையைத்தான் செய்தது. 1970களின் நடுவில் தொடங்கி 1995இல் மூடியது. போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. மழை அதன்மேல் பெய்து, அக்கம்பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளாக ஊறியது.

பச்சைத்தூளோடு ஆம்பூருக்குப் போவோம். இந்த ஊர்களில் தோல் பதனிடுவது குரோமியத்துக்கு முந்தைய தொழில்; ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துக் குழியில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியப் பதனீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். பிறகு பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியால் ஒரு பேட்டையே குரோம்பேட்டை ஆனது. வாரக்கணக்கு வேலை ஒரு நாளில் முடிந்தது. இந்த வேகத்தை எந்த முதலாளியும் மறுக்க மாட்டார். நானும் மறுத்துப் பேசப் போவதில்லை. இந்த வேகத்தில்தான் காலையில் கம்பெனி பஸ்களில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் ஷூ வேலையும் சம்பளமும் நிற்கின்றன.

உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் போட்டு மயிர் கழற்றி, சவ்வு வழித்து, சுண்ணாம்பு நீக்கி, உப்பும் அமிலமும் சேர்த்துப் பிக்கிள் செய்தபிறகு டிரம்மில் பச்சைத்தூள் விழுகிறது. சுண்ணாம்பின் கால்சியமும் சல்ஃபைடின் கந்தகமும் நம் அணுவைப்போலவே பெரிய விண்மீன்கள் வெடித்துத் தந்தவை; பங்காளிகள் டிரம்மில் கூடுகிறார்கள் என்று சொல்லலாம். அமிலச் சூழலில் குரோமியம் சட்டென்று ஒட்டாமல் நாரின் ஆழத்துக்கு இறங்கும். பிறகு சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அமிலத்தைத் தணித்தால், கொலாஜன் நாரிலுள்ள கார்பாக்சில் கிளைகளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாரையும் சேர்த்துப் பிணைக்கும். அந்தப் பிணைப்பால்தான் கொதிநீரிலும் தோல் சுருங்குவதில்லை.

போட்ட குரோமியமெல்லாம் தோலில் ஏறாது. வழக்கமான முறையில் அறுபது, எழுபது பங்கு ஏறும். மிச்சம் தண்ணீரோடு போகும். பல ஆண்டுகள் அது எங்கே போனது என்று பாலாற்றங்கரை விவசாயியைக் கேட்கலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், சந்தேகம் இருந்தாலே முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் நாடு முழுக்க 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், அதே மாசுக்காக, இழப்பீடு கொடு, ஆற்றை மீட்டெடு என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. 2007 பட்டியலில் சுகிந்தா. முறையே, நம் அணு உருமாறிய ஊரும் பூமியில் மனிதர் கையில் அது முதலில் பட்ட ஊரும். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. செலவான குரோமிய நீரைத் தனியே பிடித்து மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். அதை அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழிகளையும் தண்ணீரைக் குறைக்கும் வழிகளையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. பல டேனரிகள் செய்கின்றன. தோலில் ஆறிழந்த குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் ஐரோப்பாவில் விற்க முடியாது என்று 2015 மே மாதம் முதல் விதி வந்ததும், ஏற்றுமதிக்காரர்கள் அதை மீறாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பியப் பாதத்துக்குக் கிடைத்த அக்கறை பாலாற்றுக் கிணற்றுக்கும் கிடைத்திருக்கலாம்.

இனி நம் அணு எங்கே போகும்? ஜெர்மனியில் ஒரு ஷூவாகித் தேய்ந்து குப்பைக்குப் போகலாம். கத்தரித்த துண்டாக ஆம்பூர்ச் சாலையோரம் எரியலாம். எரியும் சூட்டில் மூன்று மறுபடி ஆறாகும் அபாயம் உண்டு. சேறாகத் தொட்டியில் கிடக்கலாம். எங்கே போனாலும் கரு மாறாது. சூரியன் புதிதாக ஒன்றைத் தரவும் போவதில்லை. ஐந்நூறு கோடி ஆண்டு கழித்துப் பருத்து, ஓடுகளை உதிர்த்து வெண்குறுமீனாக அடங்கும்போதும் அதன் சூடு கார்பன், ஆக்சிஜனைத் தாண்டாது.

கதிரியக்கக் கழிவுக்காவது அரை ஆயுள் என்று ஒன்று உண்டு, காத்திருந்தால் குறையும். குரோமியம்-52க்கு அது கிடையாது. ஆகவே ராணிப்பேட்டைக் குவியல் போன்றவை நாளடைவில் தானாகக் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தால், கரைந்து பாலாற்றுக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள்.